ஏழாம் ரூம் கலெக்டர்

புத்தாண்டு அன்று காலை ஆராதனையில், காணிக்கைப் பாட்டு முடிந்து அறிவிப்புகள் தொடங்குவதற்கு முன், பொன்மணி விருதுநகர் மாவட்டத்தின் கலெக்டர் ஆனாள். அந்த நேரத்தில் அவள் நகக்கண்ணில் படிந்திருந்த அலுமினியப் பொடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அச்சங்குளம் பக்கம் பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், பேன்சி வெடிக்கு மருந்து அடைக்கிறவள் அவள். அந்த வெள்ளிப் பொடி குளித்தாலும் போகாது, பண்டிகைக்கும் போகாது.

சபையின் பெயர் 'ராஜரிக ஆளுகை அக்கினி ஊழியங்கள்'. பட்டாசு ஊரில் அக்கினியைப் பெயரில் வைப்பானேன் என்று யாரும் கேட்கவில்லை. சபையை நடத்துகிற தேவசித்தம் ஆரம்பத்தில் வெறும் பிரதர். பிறகு பாஸ்டர் ஆனார், அப்புறம் பிஷப் ஆனார், போன வருஷம் சென்னைக்கு ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பியபோது அப்போஸ்தலர் ஆகியிருந்தார். இதற்கு மேல் ஏற ஒரே ஒரு பதவிதான் பாக்கி, அதில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.

அந்த மாநாட்டில் அவர் ஒரு பாடம் கற்றுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நாட்டிலும் ஏழு மலைகள் உண்டாம். அரசாங்கம் ஒரு மலை, வியாபாரம் ஒரு மலை, கல்வி ஒரு மலை என்று போகும். விசுவாசிகள் ஏழிலும் ஏறி உச்சியில் உட்கார்ந்துவிட்டால் நாடு தானாக நம் கைக்கு வந்துவிடும். சிவகாசி ஊருக்குள் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இருந்த கரடுகளையும் கல்குவாரிக்காரர்கள் ஜல்லியாக்கி விற்றாயிற்று. ஆனாலும் ஜனங்கள் ஆமென் சொன்னார்கள். மலை என்றால் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

புத்தாண்டில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது எல்லாச் சபையிலும் உள்ள வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால், அதில் உள்ள வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொன்னது. இந்த முறை அப்போஸ்தலர் வசனத்துக்குப் பதில் பதவிகளை அச்சடித்திருந்தார். வரப்போகிற ராஜ்ஜியத்தில் மந்திரி, செயலாளர், கலெக்டர் என்று பெரிய பதவிகள் வெள்ளித் தட்டில் வைக்கப்பட்டன. குஷன் நாற்காலிக்காரர்களுக்கு அந்தத் தட்டு. பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எவர்சில்வர் தட்டு. அதில் எல்லா அட்டையிலும் 'ஜெபவீரர்' என்று இருந்தது.

"எந்தத் தட்டுல எந்தக் கை போகுதுங்கிறது பரலோகத்துல முடிவான விஷயம்!" என்று அப்போஸ்தலர் மைக்கில் முழங்கினார். "சீட்டுல என்ன வருதோ அது தேவனுடைய உத்தரவு. அதை மாத்த எனக்கும் அதிகாரம் இல்லை!"

இப்படி அவசரப்பட்டு வாயை விட்டிருக்க வேண்டாம். டிசம்பரில் சிவகாசி அச்சாபீஸ்கள் காலண்டரிலும் டைரியிலும் மூழ்கிக் கிடக்கும். சபையின் அட்டையை ஏதோ இடைவெளியில் ஓட்டி, மை காயுமுன்னே வெட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதில் இரண்டு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்து அடுக்கிய பாஸ்டரம்மா அதைக் கவனிக்கவில்லை. பொன்மணி எடுத்த 'ஜெபவீரர்' அட்டைக்குப் பின்னால் இன்னொன்று தொங்கியது. நகத்தால் பிரித்துப் பார்த்தாள். 'மாவட்ட ஆட்சித் தலைவர், விருதுநகர்' என்று இருந்தது.

அதே நேரம் முன்வரிசையில் பால்துரை என்பவர் காலித் தட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிளாட் போட்டு விற்கிறவர். அவருடைய மச்சான் ஞானசிகாமணி அண்ணாச்சி, பொன்மணி வேலை செய்யும் பயர் ஆபீஸின் முதலாளி. அண்ணாச்சிக்குத் தொழில்துறையும் அவர் மனைவி சுகிர்தாவுக்குக் கல்வித்துறையும் பரலோகத்தில் எப்போதோ முடிவாகியிருந்தன. பால்துரைக்குக் கலெக்டர் என்று பேச்சு. அப்போஸ்தலர் பொன்மணியின் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மாற்ற அதிகாரம் இல்லை என்று மைக்கில் சொல்லி இன்னும் ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

"ஸ்தோத்திரம்," என்றார், கசாயம் குடித்த முகத்தோடு.

பொன்மணிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்போஸ்தலர் சொன்னால் அவளுக்கு அது சரியாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் அவள் புருஷன் மாரிக்கண்ணன் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தேவசித்தம் பிரதர் மட்டும் தினமும் சைக்கிளில் கஞ்சித் தூக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். ஜெபித்தாரோ இல்லையோ, மாரிக்கண்ணனுக்குக் கரண்டியால் ஊட்டிவிட்டார். அவன் பிழைத்தான், இரண்டு கையும் மடங்காது. அந்தக் கஞ்சிக்காகத்தான் அவள் சபைக்கு வந்தாள். அப்போது சபை ஒரு தகரக் கொட்டகை, யாருக்கும் எந்தத் துறையும் கிடையாது.

ஆளுகைப் பயிற்சி முகாம் தொடர்ந்து நடந்தது. நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், யாரிடமும் 'கேட்கிறேன்' என்று சொல்லக்கூடாது, 'ஆணையிடுகிறேன்' என்று சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். பொன்மணி வீட்டுக்கு வந்து மாரிக்கண்ணனிடம், "தண்ணி லாரி வந்தா குடத்த எடுத்து வைக்க ஆணையிடுதேன்," என்று சொல்லிப் பார்த்தாள். "கை மடங்காதவன்ட்ட ஆணையிட்டு என்னத்துக்குளா? நீயே போய்ப் பிடி," என்றான் அவன்.

பிப்ரவரியில் மந்திரிசபை முழுவதும் இரண்டு வேனில் விருதுநகருக்குப் போனது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தை ஏழு முறை சுற்றி வந்தால் பைபிளில் வருகிற மாதிரி கோட்டை விழும் என்பது திட்டம். அன்றைக்குத் திங்கட்கிழமை, மனு வாங்குகிற நாள் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த நாளில் யாராவது மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டுவிடக் கூடாது என்று வாசலில் போலீஸ் பைகளைச் சோதிக்கும். அப்போஸ்தலரின் பையில் ஒரு பாட்டில் இருந்தது. பெண் போலீஸ் மூடியைத் திறந்து மோந்தாள்.

"என்னய்யா இது?"

"அபிஷேகத் தைலம்மா. இந்த வளாகத்தை ஆண்டவருக்குச் சொந்தமாக்க..."

"போன வாரம் ஒருத்தர் சீரகத் தண்ணின்னாரு. இங்கன வச்சிட்டுப் போங்க, போறப்ப வாங்கிக்கிடலாம். எதுனாலும் மனுவா எழுதிக் குடுங்க பெரியவரே, இந்த மாதிரி முடிவெல்லாம் எடுக்காதீக," என்றாள் அவள், நிஜமான அக்கறையோடு.

தைலம் இல்லாமலே சுற்றத் தொடங்கினார்கள். வளாகம் பெரிது, வெயிலும் பெரிது. இரண்டாவது சுற்றில் காவலாளி, "எல்லாருக்கும் சுகரா?" என்று விசாரித்தார். மூன்றாவது சுற்றில் கல்வி மந்திரி செருப்புக் கடித்து நொண்டினார். நான்காவதில் மந்திரிசபை மோர்க்கடையில் கலைந்தது. மீதி மூன்று சுற்றை வேனில் சுற்றினால் கணக்கில் சேரும் என்று அப்போஸ்தலர் தீர்ப்புச் சொன்னார்.

கூட்டத்தில் தவறிப்போன பொன்மணி மனு கொடுக்கிறவர்களின் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் மல்லாங்கிணற்றிலிருந்து வந்த ஒரு பெண்.

"நீங்க எதுக்கு வந்தீக?" என்றாள் அந்தப் பெண்.

பொன்மணிக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "நாந்தான் கலெக்டரு," என்றாள் மெதுவாக.

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தன் மடியிலிருந்த சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். இரண்டு பேரும் தின்றார்கள். வரிசை நகர்ந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை, மகன் சோறு போடவில்லை, பாதையை அடைத்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒவ்வொன்றையும் கேட்டார். கலெக்டர் என்றால் அடுத்தவர் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிற வேலை என்று பொன்மணிக்கு அங்கேதான் தெரிந்தது. பயிற்சி முகாமில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

பயர் ஆபீஸுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேனில் அவள் கலெக்டரான செய்தி ஏற்கெனவே ஏறியிருந்தது. "கலெக்டரம்மாவுக்கு ஜன்னலோரம் விடுங்கடி" என்று தினமும் கேலி. கேலியில் முதல் ஆள் முருகம்மாள். இருக்கன்குடி மாரியம்மனைத் தவிர வேறு யாருக்கும் கும்பிடு போடாதவள். சித்திரை வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் அவளே கேலியை நிறுத்தினாள்.

"ஏ மதினி, வெளையாட்டுக்குச் சொல்லல. நீதான் கலெக்டராச்சே. ஏழாம் ரூம்ல ஆளக் கொறைக்கச் சொல்லேன்."

ஏழாம் ரூம் மருந்து அடைக்கிற அறை. வாசலில் பெயிண்டில் 'ஆட்கள் 4' என்று எழுதியிருக்கும். உள்ளே பதினோரு பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி எழுந்திருக்க வேண்டும் என்றால் மூன்று பேர் நகர வேண்டும். மருந்து தரையில் சிந்தும், அதன்மேல் கால் உரசும். ஏதாவது ஒன்று ஆனால் வாசல் ஒன்றுதான். வடக்கே போகிற ஆர்டர் குவிந்து கிடந்ததால், வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அப்படித்தான் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிவிட்டு நர்சிங் சேரக் காத்திருந்த மாரிசெல்வியும் அந்த அறைக்கு வந்தாள். அவள் பொன்மணியின் மகள். வாசலிலிருந்து ரொம்ப உள்ளே, மூலையில் இடம்.

பக்கத்தில் ஒன்பதாம் ரூம் இருந்தது. அதில் ஆள் இல்லை. ஆளுகை மாநாட்டுக்கு வாங்கிய நாற்காலிகளையும் கொடிகளையும் அண்ணாச்சி அதில் அடுக்கி வைத்திருந்தார்.

அடுத்த மந்திரிசபைக் கூட்டத்தில் பொன்மணி எழுந்து நின்றாள். கையைப் பின்னால் கட்ட மறந்துபோனது.

"ஐயா, ஒரு சின்ன விசயம். அண்ணாச்சி ஆபீஸ்ல ஏழாம் ரூம்ல நாலு பேருதான் உக்காரணும்னு போட்டிருக்கு. பதினோரு பேரு உக்காந்திருக்கோம். வெயிலு வேற இப்படி அடிக்கு. எம் மகளும் உள்ளதான் இருக்கா. மாவட்டத்துல நடக்கதக் கலெக்டரு பாக்கணும்னு சொன்னாக. அதான்..."

ஞானசிகாமணி அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"பொன்மணி, நாலு பேருன்னு எழுதுனது யாரு? உலகத்தான், விசுவாசம் இல்லாத அதிகாரி எழுதுனது. மாசம் ஒருத்தன் வந்து நிக்கான். ரூமை எண்ணுதான், ஆளை எண்ணுதான், ஒரு தொழில் செய்யுத மனுசன மூச்சு விட விடுதானா? அம்மா, நான் எதுக்குப் பல வருசமா இந்தத் தேசத்துக்காக முழங்கால் போடுதேன்? நம்மாளுக அதிகாரத்துக்கு வந்துட்டா எண்ணுததுக்கு ஒருத்தனும் வரமாட்டான். அதுக்குப் பேர்தான் தேவனுடைய ராஜ்ஜியம்!"

"ஆமென்!" என்றார் கல்வி மந்திரி.

அப்போஸ்தலர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். "மகளே, நாம நாட்டைப் பிடிக்கப் போறோம். நீ ஒரு ரூமைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. சட்டங்கிறது நாட்டுக்கு. மத்தவங்க எப்படி உடுத்தணும், என்ன குடிக்கணும், யாரைக் கும்பிடணும் எல்லாத்துக்கும் நாம சட்டம் போடுவோம். ஆனா நம்ம வீட்டுக்குள்ள சட்டம் இல்லை, கிருபைதான்."

பொன்மணி யோசித்துப் பார்த்தாள். கிருபை இருந்தால் இன்னும் நாலு பேரைச் சேர்த்து உட்காரவைக்கலாம் என்பது போலத்தான் அவளுக்குப் பட்டது.

"ஐயா, நீங்க ஒரு தரம் நேர்ல வந்து ஜெபிச்சாப் போதும்," என்றாள். அந்தச் சைக்கிள்காரர் ஒரு தடவை உள்ளே வந்து பார்த்துவிட்டால் தானாகவே ஆளைக் குறைக்கச் சொல்லிவிடுவார் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

அப்போஸ்தலருக்கு இந்த யோசனை பிடித்தது. பதவிப் பிரமாணத்தை எங்கே வைப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தார். வியாபார மலையிலேயே வைத்துவிட்டால் முதல் மலை பிடிபட்டதாக அறிவித்துவிடலாம். அண்ணாச்சியும் பெரிய மனதோடு சம்மதித்தார்.

சனிக்கிழமை காலை அமைச்சர்கள் கார்களில் வந்து இறங்கினார்கள். போர்மேன் உக்கிரபாண்டி கேட்டிலேயே மறித்தான். அவனுக்கு எந்த ராஜ்ஜியத்தைப் பற்றியும் ஒன்றும் தெரியாது.

"போன வச்சிருங்க. செருப்பக் கழத்துங்க. பெல்ட்டக் கழத்துங்க. மைக்கு ஆகாது. அந்த மினுக்குச் சேல உள்ள வரப்பிடாதும்மா, நூல் துணிதான். ஐயா, அந்த அங்கி வெல்வெட்டா? கழத்திருங்க. வாசல்ல செம்புத் தகடு இருக்கு, அதத் தொட்டு ஒடம்புல உள்ள கரண்ட எறக்கிட்டு வாங்க."

ராஜ்ஜியம் ஒவ்வொன்றாகக் கழன்றது. அங்கியைக் கழற்றியதும் அப்போஸ்தலர் ஒரு பழைய கதர் பனியனோடு நின்றார். சைக்கிளில் வந்த பிரதர் மாதிரியே இருந்தார். பொன்மணிக்கு அவரைப் பார்க்க ஆசையாக இருந்தது.

"வாங்கய்யா, இந்தா தெரியுதுல்லா, அதான் ஏழாம் ரூமு," என்று முன்னால் நடந்தாள்.

வேப்பமரம் வரைக்கும் வந்தார். அங்கே நின்றார். திறந்த வாசல் வழியாக உள்ளே தெரிந்தது. வெள்ளிப் பொடி பூசிய கைகள், குனிந்த தலைகள், மூலையில் மாரிசெல்வி.

"போர்மேன் தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "உள்ள எம்புட்டுப் பேரு?"

"பொன்மணியச் சேத்து இன்னைக்குப் பன்னண்டு. ஒரு பிள்ள கூடுதலா வந்திருக்கு."

"ஏதாச்சும் சத்தம் கித்தம் கேட்டா என்ன செய்யணும்?"

"நீங்க கேக்க மாட்டீக ஐயா. வெளிய இருக்கவுகதான் கேப்பாக," என்றான் உக்கிரபாண்டி. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான்.

அப்போஸ்தலர் கண்ணை மூடினார். பிறகு திறந்து, "ஆவியானவர் என்னைக் கேட்டுக்கு வெளிய நின்னு ஜெபிக்கச் சொல்லுதாரு. ஜெபத்துக்குத் தூரம் கிடையாது," என்றார். மந்திரிசபைக்கும் அதே ஆவியானவர் அதே நேரத்தில் அதையே சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் ஒரே ஓட்டமாகத் திரும்பினார்கள். கல்வி மந்திரி நொண்டவில்லை. ஞானசிகாமணி அண்ணாச்சி தன்னுடைய சொந்த ஆபீஸின் மதில் சுவருக்குப் பின்னால், பால்துரைக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து அப்போஸ்தலர் கையை நீட்டி, பன்னிரண்டு பெண்களையும் அக்கினிக்கு விலக்கிக் காக்கும்படி உரத்த சத்தமாக ஜெபித்தார்.

பொன்மணி ரூமுக்கும் கேட்டுக்கும் நடுவில் தனியாக நின்றாள். தனக்கு அழுகைதான் வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம். கஞ்சித் தூக்கோடு வந்த மனுஷன் இன்று நாட்டை ஆளப்போகிறவர். ஒரு ஜெப நேரம்கூட நிற்கப் பயப்படுகிற இடத்தில் அவள் பிள்ளை தினமும் உட்கார்ந்திருக்கிறது.

வாசலுக்குப் போனாள். "நாலு பேரு இருங்க. மத்தவுக வெளிய வாங்க. இது கலெக்டர் உத்தரவு," என்றாள்.

முதலில் முருகம்மாள் எழுந்தாள். அவள் எந்தச் சபையிலும் இல்லை, ஆனால் அந்த மதிலுக்குப் பின்னால் வரிசையாகத் தெரிந்த தலைகளை அவளும் பார்த்திருந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் மூலையிலிருந்து மாரிசெல்வி வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தாள்.

"ஏ பொன்மணி! யாரைக் கேட்டு வெளிய விட்டே? லாரி நிக்கி!" என்று மதிலுக்கு மேலாக அண்ணாச்சி கத்தினார்.

"சீட்டு கர்த்தர் குடுத்தது, மாத்த யாருக்கும் அதிகாரமில்லன்னு ஐயாதான் சொன்னாக."

அப்போஸ்தலரும் அண்ணாச்சியும் மதிலோரம் குசுகுசுத்தார்கள். அப்போஸ்தலர் தலையை நீட்டினார். "மகளே, இப்போதான் பரலோகத்திலிருந்து செய்தி வந்தது. உனக்கு மாற்றல். உலக ஜெபத்துறைக்கு இயக்குநரா மேன்மைப்படுத்தியிருக்காரு. இனிமே இந்த மாவட்டத்துக்குப் பால்துரைதான் கலெக்டர்."

"ஸ்தோத்திரம் ஐயா," என்றாள் பொன்மணி. அவள் முகத்தில் ஒரு மறுப்பும் இல்லை. "அப்படின்னா பால்துரை அண்ணாச்சி வந்து பொறுப்பு எடுத்துக்கிடட்டும். உத்தரவு ஏழாம் ரூம்ல போட்டது, ஒப்படைக்கதும் அங்கனதான். செருப்பக் கழத்திட்டு, தகடத் தொட்டுட்டு உள்ள வரச் சொல்லுங்க. பழைய பன்னண்டு பேரையும் உள்ள உக்காத்தி வச்சு, நடுவுல நின்னு அவுக உத்தரவப் போடட்டும். அது வரைக்கும் எம் உத்தரவுதான்."

எல்லாரும் பால்துரையைப் பார்த்தார்கள். பால்துரை தன் காரைப் பார்த்தார்.

லாரி காத்திருந்தது. பெண்கள் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து தலை பேன் பார்க்கத் தொடங்கினார்கள். வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று அண்ணாச்சி சொன்னதற்கு, "நிப்பாட்டுங்க, மொத வேனுலயே பன்னண்டு பேரும் போயிருதோம், லோட நீங்களே உள்ள உக்காந்து அடைங்க," என்றாள் முருகம்மாள். மத்தியானத்துக்குள் ஒன்பதாம் ரூமிலிருந்த நாற்காலிகள் வெயிலுக்கு வந்தன. கொடிகளும் பேனர்களும் மதிலோரம் குவிந்தன. ஐந்தாம் ரூமில் கிடந்த காலி அட்டைப்பெட்டிகளும் வெளியேறின. பெண்கள் நாலு நாலாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வியாபார மலை பிடிபட்டதாகச் சபையில் அறிவித்தார்கள். புதிய கலெக்டருக்குச் சால்வை போட்டார்கள். பொன்மணி வழக்கம்போலப் பாயில் உட்கார்ந்து கை தட்டினாள்.

பால்துரை அதன் பிறகு ஒரு நாள் காரில் கேட்டு வரைக்கும் வந்தார். பொறுப்பை அங்கேயே கொடுத்துவிட முடியுமா என்று உக்கிரபாண்டியிடம் சொல்லி அனுப்பினார். "முடியாது, உள்ள வரச் சொல்லு," என்று பொன்மணியிடமிருந்து பதில் போனது. கார் ரிவர்ஸில் போய்த் திரும்பியது.

ஆக, ராஜ்ஜியத்தின் ஆவணப்படி விருதுநகர் மாவட்டத்தின் கலெக்டர் பால்துரைதான். அவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. ஏழாம் ரூமில் இன்று காலையும் நாலு பேர்.